ஆபிஸ் ரோட்டோரத்து முப்பது மரங்கள்

குளுவாங்கில் இருக்கும் ஒரு மாதர் சங்கத்திலிருந்து போன் வந்தது. வேலை செய்து ஓய்வு பெற்ற பெண்களின் அனுபவங்களைச் சேர்த்து ஒரு புத்தகம் போடுகிறார்களாம். "உங்க வாழ்க்கைக்கு அர்த்தம் கொடுத்தது எதுன்னு எழுதிக் கொடுங்கம்மா" என்று அந்தச் செயலாளர் கேட்டார். எனக்கு அப்படி எதுவும் இல்லை, செம்பனை நர்சரியில் கன்று பார்த்துக்கொண்டிருந்தவள், அவ்வளவுதான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

லெட்சுமி அப்போது என் வீட்டில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். என்னோடு அதே நர்சரியில் சேர்ந்து, என்னோடு ஓய்வு பெற்றவள். இப்போதும் காஹாங்கில் என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளித்தான் இருக்கிறாள்.

"வாயத் தெறந்தா முத்து கொட்டிடுமா ஒனக்கு? அந்த ஆபிஸ் ரோட்டு மரத்தப் பத்தி எழுது. நீ எழுதலன்னா நான் போயி சொல்லுவேன். என் வாயப் பத்தி ஒனக்குத் தெரியும்லா."

தெரியும். அவள் சொன்னால் நான் மேனேஜரை அடித்தேன் என்றுகூடச் சொல்லிவிடுவாள். அந்தப் பயத்தில்தான் இதை எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கேள்வி கேட்டால் எனக்குப் பதில் தெரியும். எழுந்து நிற்கத்தான் மாட்டேன். "இந்தப் பிள்ளைக்கு ஒன்னும் ஏறலைங்க" என்று அவர் என் அப்பாவிடம் சொன்னபோது பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. என் வயதுப் பெண்கள் சிங்கப்பூர் பேக்டரிக்கு பஸ் ஏறினார்கள். பேக்டரி என்றால் புது ஆட்களோடு பேச வேண்டும். நர்சரியில் கன்றுகளோடுதான் இருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டு, அங்கே போய்ச் சேர்ந்தேன். வேலை பிடித்திருந்ததால் போகவில்லை, பேச வேண்டியிருக்காது என்றுதான் போனேன்.

போன முதல் வாரமே பெரிய தப்பு செய்தேன். எண்ணெய் ஆட்டுகிற செம்பனைக்கு விதை முளைவிட்ட பிறகுதான் பெட்டியில் வரும். ஒவ்வொரு விதையிலும் இரண்டு முளை இருக்கும். ஒன்று குருத்து, ஒன்று வேர். வெள்ளையாக, கூராக இருப்பது குருத்து. நுனி மழுங்கி, கொஞ்சம் பழுப்பாக இருப்பது வேர். வேரைக் கீழே வைத்துச் சின்னப் பையில் ஊன்ற வேண்டும். இதை முதல் நாள் காலையில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் கடைசி வரிசையில் நின்றதால் சரியாகக் காதில் விழவில்லை. பக்கத்தில் கேட்கலாம். கேட்கவில்லை. ஒரு பாத்தி முழுக்கத் தலைகீழாக ஊன்றிவிட்டேன்.

சில வாரம் கழித்து மற்றப் பாத்திகளில் ஈட்டி மாதிரிக் குருத்து வந்தது. என் பாத்தியில் பன்றி வால் மாதிரிச் சுருண்டு வந்தது. குருத்து மண்ணுக்குள் கீழே போய், வழி தெரியாமல் வளைந்து மேலே ஏறியிருந்தது. மண்டோர் முனியாண்டி பாத்தி ஓரம் வந்து நின்றார். நர்சரிக்கு அவர்தான் பொறுப்பு.

"இது யாரு நட்டது?"

கையைத் தூக்கினேன்.

"எது மேல, எது கீழன்னு தெரியலையா?"

"தெரியலைங்க."

"கேக்க வேண்டியதுதானே?"

நான் குனிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை. "ஒனக்கு வாய் தெறக்க வெக்கம். அதுக்கு ஒரு பாத்தி கன்னு வீணாப் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

அதற்குப் பிறகு அவர் பின்னாலேயே நின்று வேலை கற்றேன். அந்த வருஷங்களில் எழுத ஒன்றும் பெரிதாக இல்லை. மண் நிரப்பினோம், களை பிடுங்கினோம், தண்ணீர் விட்டோம், உரம் போட்டோம். அவர் கன்று கழிக்கும் விதத்தைத்தான் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். என் வாழ்க்கை அதில்தான் இருந்தது.

நர்சரியில் கன்று ஒரு வருஷம்போல இருக்கும். வயலுக்குப் போவதற்கு முன் கெட்ட கன்றுகளைக் கழிக்க வேண்டும். வயலில் நட்ட மரம் இருபத்தைந்து வருஷம் நிற்கும். கெட்ட கன்றை நட்டால், அந்த இருபத்தைந்து வருஷமும் அதற்கு உரம் போட்டு, களை எடுத்து, வெறும் ஓலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நட்ட இரண்டு மூன்று வருஷம்வரை யாருக்கும் தெரியாது. தெரியும்போது வெட்டவும் மனசு வராது.

முனியாண்டி மண்டோர் வெயில் ஏறுவதற்கு முன்னால் வருவார். வரிசையில் நுழையும் முன் கையைக் கழுவித் துண்டில் துடைப்பார். ஒரு வரிசையை இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டு போவார். முடிவுக்குப் போனதும் அதே வரிசையை அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டு வருவார். சந்தேகம் வந்தால் குந்தி உட்கார்ந்து, கன்றின் உயரத்துக்குக் கண்ணை இறக்கிப் பார்ப்பார். "பக்கத்துல நிக்கிறதையும் பாரு" என்பார். கழிக்க வேண்டியதைப் பையோடு பக்கவாட்டில் சாய்த்து வைப்பார். கெட்டது, சொத்தை என்று எதையும் வாயால் சொல்ல மாட்டார். மெதுவாக, தூங்குகிற பிள்ளையைப் படுக்க வைப்பதுபோலச் சாய்ப்பார்.

குட்டையாக நிற்பது, தலை தட்டையாக இருப்பது, இலை பிரியாமல் ஒட்டிக்கொண்டிருப்பது, ஓலை புல் மாதிரி ஒடுங்கியிருப்பது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். கஷ்டமானது நெட்டைதான். மற்றக் கன்றுகளைவிட உயரமாக, பச்சையாக, மட்டையெல்லாம் விளக்குமாறு மாதிரி நேராக மேலே தூக்கி நிற்கும். பார்க்க அதுதான் அழகு. புதிதாக வருகிறவர்கள் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். ஆனால் அது காய்க்காது.

சாய்த்த கன்றை அன்றைக்கே பாராங் கத்தியால் வெட்ட வேண்டும். வெட்டாமல் வெளியே போட்டால் யாராவது எடுத்துப் போய் நட்டு ஏமாந்துவிடுவார்கள். வெட்டுகிற வேலை எனக்கும் லெட்சுமிக்கும். பச்சையாக, நோயில்லாமல் நிற்கிற கன்றை வெட்டுவது முதலில் கஷ்டமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அப்படிப் பழகியதைப் பற்றித்தான் பின்னால் ரொம்ப யோசித்தேன்.

மண்டோருக்குக் கண்ணில் பூ விழுந்து அவர் ஓய்வு பெற்றபோது, கழிக்கிற வேலை என் கைக்கு வந்தது. பதவி ஒன்றும் இல்லை. காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்துப் பெயர் கூப்பிடும்போது நான் வெறும் நர்சரி ஆள்தான். ஆனால் காலையில் கை கழுவிவிட்டு வரிசைக்குள் முதலில் நுழைவது நான்.

சில வருஷத்தில் புது மேனேஜர் வந்தார். ஈப்போ பக்கத்துத் தமிழர். அதுவரை ரப்பர் தோட்டங்களில் இருந்தவர், செம்பனைக்குப் புதிது. நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த வருஷம் ஆறாம் நம்பர் மலையில் பழைய மரங்களைத் தள்ளிவிட்டுப் புதிதாக நட வேண்டியிருந்தது. நர்சரியில் ஆள் பற்றாக்குறை. பைகளை உரிய நேரத்தில் தள்ளித் தள்ளி வைக்க முடியவில்லை. கன்றுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நான் கழிக்கப் போனபோது என்றைக்கும் இல்லாத அளவுக்கு நெட்டை இருந்தது. சாய்த்துக்கொண்டே போனேன். ஒரே நாளில் வெட்டி முடிக்க முடியாது என்று அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

மறுநாள் காலையில் போனால், எல்லாம் நிமிர்ந்து நிற்கிறது. மலைக்குக் கன்று போதவில்லையாம். சாய்த்ததையும் லோரியில் ஏற்றச் சொல்லி மேனேஜர் உத்தரவு.

லெட்சுமி என்னைப் பார்த்தாள். "போயி சொல்லு."

"நீ சொல்லேன்."

"நான் என்னத்தச் சொல்ல? எனக்கு வெட்டத்தான் தெரியும். பாக்கறது நீதானே."

எனக்கு வாய் வரவில்லை. கைதான் வந்தது. வரிசைக்குள் போய் ஒன்று ஒன்றாக மறுபடியும் சாய்க்க ஆரம்பித்தேன். லோரிக்காரர்கள் கத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. பாதி வரிசை சாய்த்திருப்பேன், மேனேஜரின் ஜீப் வந்து நின்றது.

"யாரு இதச் சாய்ச்சது?"

எல்லாரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்கள். அதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நீயாம்மா?"

"நான்தாங்கையா."

"நிமுத்தி வெக்கச் சொன்னேனே, ஒனக்கு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்கையா. நிமுத்தித்தான் வெச்சிருந்தாங்க. நான் மறுபடி சாய்ச்சேன்."

பின்னால் லெட்சுமி இருமினாள்.

"ஏன்?"

"காய்க்காதுங்கையா."

"எப்படித் தெரியும்?"

இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கண்ணுக்குத் தெரியும், வார்த்தை தெரியாது. ஒரு நல்ல கன்றையும் ஒரு நெட்டையையும் தூக்கி வந்து அவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"குந்திப் பாருங்கையா."

மேனேஜரைக் குந்தச் சொன்ன கதையை லெட்சுமி இன்றுவரை கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு கால்சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு குந்தினார். முட்டி சத்தம் போட்டது எல்லாருக்கும் கேட்டது.

"நின்னு பாத்தா ஒசரம் மட்டும்தான் தெரியும். நல்ல கன்னு கைய விரிச்சு நிக்குது பாருங்க. இது கைய ஒடம்போட ஒட்டி வெச்சிருக்கு. அதான் வித்தியாசம்."

"பாக்க இதுதான் கம்பீரமா இருக்கு."

"ஆமாங்கையா. கம்பீரமாத்தான் இருக்கும். காய்க்காது."

"இதத் தூக்கிப் போட்டா மலையில மேல்பக்கம் காலியா கெடக்கும். மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"காலியா கெடந்தா அடுத்த வருசம் நடலாம். இத நட்டா இருவத்தஞ்சு வருசத்துக்கு ஒன்னும் பண்ண முடியாதுங்கையா."

அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"சரி. முப்பது கன்னு எடுத்து வைக்கச் சொல்றேன். எல்லாம் நீ சாய்ச்சது. ஆபிஸ் ரோட்டோரம் நடறேன், தெனம் எல்லாரும் பாக்குற மாதிரி. மிச்சத்த வெட்டிப் போடு. மலைய நான் பாத்துக்கறேன். ஆனா அந்த முப்பதுல ஏதாவது காய்ச்சா?"

"காய்ச்சா நான் நர்சரிய விட்டுடறேங்கையா. ஒரு கன்னுகூடத் தொட மாட்டேன்."

அவர் கேட்டது அதுவல்ல. நானாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் நான் மனைவி, அம்மா. அதெல்லாம் பிறர் என்னை அழைக்கும் முறை. நர்சரி வரிசைக்குள் நுழையும்போதுதான் நான் நானாக இருந்தேன். பேச வேண்டாம் என்று வந்த வேலை அது. எப்போது அது என்னுடையதானது என்று தெரியவில்லை. விட்டுவிடுகிறேன் என்று சொன்ன நிமிஷம்தான் அதைக் கண்டுகொண்டேன்.

மலையின் மேல்பக்கத்தை மேனேஜர் அந்த வருஷம் நடாமல் விட்டார். மேலிடத்திலிருந்து கடிதம் வந்ததாம். கன்று தரமில்லை, அது தன் முடிவு என்று பதில் எழுதினாராம். ஆபிஸில் கணக்கு எழுதும் கிராணி பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் பெயரை அவர் இழுக்கவில்லை.

மூன்று வருஷம் அந்த ரோட்டில்தான் வேலைக்குப் போய் வந்தேன். முப்பது மரமும் நன்றாக வளர்ந்தன. வேறெந்த மரத்தையும்விட நிமிர்ந்து நின்றன. விருந்தாளிகள் ஜீப்பை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆறாம் நம்பரில் கீழ்ப்பக்கத்து மரங்கள் பூ விட ஆரம்பித்ததும் ரோட்டோர மரங்களிலும் தேட ஆரம்பித்தேன். போகும்போது ஒரு பக்கத்து மரம், வரும்போது மறுபக்கத்து மரம் என்று மட்டை இடுக்கில் குனிந்து குனிந்து பார்ப்பேன்.

"என்னடி, ரோட்டுல மாப்பிள்ளை தேடறியா?" என்பாள் லெட்சுமி.

"பூ வந்திருக்கான்னு பாக்கறேன்."

"வந்தா?"

"போயிடுவேன்."

"போ, போ. நானும் வரேன். ரெண்டு பேரும் பசார்ல நாசி லெமாக் சோறு விப்போம். நீ வாயத் தெறக்காம ஒக்காந்திரு, நான் கூவறேன்."

ஆறாம் நம்பரில் குலை வெட்ட ஆரம்பித்தார்கள். ரோட்டோர மரங்களில் காய் பிடிக்காத ஆண் பூ வந்து காய்ந்து விழுந்தது. ஒன்றிரண்டில் பிஞ்சு வந்து அழுகியது. குலை இல்லை. தோட்டத்தில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். ஜெயித்துவிட்டாய் என்று அர்த்தம். மேனேஜர் ஒருநாள் ஜீப்பிலிருந்தே தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

ஒரு சனிக்கிழமை சம்பளம் வாங்கப் போனபோது, ரோட்டின் கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த மரங்கள் பக்கம் போனேன். மறைவான இடம், ரோட்டிலிருந்து தெரியாது, நான்கூட அதுவரை அங்கே போனதில்லை. மட்டை இடுக்கில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தேன். குலை. சின்னதுதான், ஆனால் கெட்டியாகக் காய் பிடித்த நல்ல குலை. பக்கத்து மரத்திலும் ஒன்று. அந்த இரண்டு மரமும் மற்ற இருபத்தெட்டு மாதிரி நிற்கவில்லை. மட்டை விரிந்து இறங்கியிருந்தது. நல்ல மரங்கள்.

அப்போதுதான் புரிந்தது. நெருக்கத்தில் நின்றதால் வெளிச்சத்துக்காக எக்கி எக்கி, நெட்டை மாதிரி ஆகியிருந்த நல்ல கன்றுகள் அவை. பக்கத்தில் நிற்பதையும் பார் என்று மண்டோர் சொன்னது இதற்கும்தான். நான் பார்க்காமல் சாய்த்துவிட்டேன். தலைக்குள் ஓடியது இந்த இரண்டு இல்லை. அன்றைக்கு லெட்சுமியும் நானும் வெட்டிப் போட்டோமே, அந்தக் குவியல். அதில் எத்தனை இப்படி இருந்தன?

யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். லெட்சுமியிடம்கூடச் சொல்லவில்லை. நேராக ஆபிசுக்குப் போய் மேனேஜர் கதவைத் தட்டினேன். அந்தக் கதவை நான் தட்டியது அதுதான் முதல் தடவை.

"வாம்மா. சொல்லு."

"ரெண்டு மரம் காய்ச்சிருக்குங்கையா. தொட்டிக்குப் பின்னால."

"எந்த மரம்?"

"நம்ம முப்பதுல ரெண்டு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியாது. இங்க யாருக்கும் தெரியாது. நீ சொல்லாம இருந்திருக்கலாமே?"

"எனக்குத் தெரியுமேங்கையா."

நான் நின்றுகொண்டே சொன்னேன், "நான் சொன்ன மாதிரி நர்சரிய விட்டுடறேன்."

"ஒக்காரு மொதல்ல." உட்கார்ந்தேன். "இருவத்தெட்டு சரி, ரெண்டு தப்பு. ஒன்ன அனுப்பிட்டு வேற யாரப் போட்டா ரெண்டுலயே நிக்கும்? நர்சரிய விடறத விடு. அடுத்த தடவ இந்த ரெண்டு மாதிரிக் கன்னு சாகாம இருக்க என்ன பண்ணணும், அதச் சொல்லு."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. தொட்டிக்கும் ஆபிசுக்கும் நடுவில் நடந்து வரும்போதே வந்திருந்தது.

"சாய்ச்ச அன்னைக்கே வெட்டக் கூடாதுங்கையா. நெட்டைய மட்டும் தனியா ஒரு பாத்தியில நல்லாத் தள்ளித் தள்ளி நிமுத்தி வெக்கணும். ஒவ்வொன்னும் புதுசா ஒரு ஓலை விரிக்கட்டும். வெளிச்சம் கெடச்சா நல்ல கன்னு கைய விரிச்சிடும். அப்ப இன்னொரு தடவ பாத்துட்டு வெட்டலாம்."

"எடம் வேணும். ஆளு வேணும். மாசக்கணக்குல தண்ணி ஊத்தணும்."

"ஆமாங்கையா."

"சரி. செய்."

அப்படித்தான் அந்தப் பாத்தி வந்தது. ஆபிஸ் புத்தகத்தில் அதற்கு என்ன பெயர் போட்டார்களோ தெரியாது. லெட்சுமி அதை வார்டு என்றாள். "ஒன் நோயாளிங்க எப்படி இருக்காங்க, டாக்டரம்மா?" என்று காலையில் கேட்பாள். ஒவ்வொரு தடவையும் வார்டிலிருந்து சில கன்றுகள் பிழைத்து வயலுக்குப் போயின. ரொம்ப இல்லை. ஒரு சிலதான். ஓய்வு பெறும் நாள்வரைக்கும் வார்டை நானே பார்த்தேன். குளுவாங் பஸ்ஸில் ஆறாம் நம்பர் மலையைத் தாண்டும்போது ஜன்னல் பக்கம்தான் உட்காருவேன். மேல்பக்கம், கீழ்ப்பக்கம், எல்லாம் குலை தள்ளி நின்றது. இதில் என் கண் படாத மரம் ஒன்றுகூட இல்லை என்று நினைத்துக்கொள்வேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்ல மாட்டேன்.

போன மாதம் மல்லிகைச் செடிக்குப் பை வாங்கலாம் என்று நானும் லெட்சுமியும் பழைய நர்சரிக்குப் போனோம். ஆறாம் நம்பர் மலையில் அந்த மரங்களுக்கும் வயதாகிவிட்டது, தள்ளிவிட்டு மறுபடி நடுகிறார்கள். ஆபிஸ் ரோட்டு மரங்கள் எப்போதோ போய்விட்டன. நர்சரியில் எங்களுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. மேலே பறந்து படம் எடுக்கிற மிஷின் வைத்துக் கன்று எண்ணுகிறார்களாம். பங்களாதேஷிலிருந்து வந்த ஒருவர், நாற்பது வயது இருக்கும், தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கேட்டைத் தாண்டி ஓரமாக, நல்ல இடைவெளி விட்டு, ஒரு பாத்தி தனியாக நின்றது. எல்லாம் நெட்டை.

லெட்சுமி என் விலாவில் இடித்தாள்.

நான் அந்த ஆளிடம் மலாயில் கேட்டேன், "இது ஏன் தனியா இருக்கு?"

"இது வார்டு, மாக்சிக்" என்றார் அவர், மலாயில் பெரியம்மா என்று கூப்பிடுகிற மாதிரி. குழாயைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார். இந்த மாதிரி கன்றை உடனே வெட்டக் கூடாதாம். புது ஓலை ஒன்று விரியும்வரை காத்திருக்க வேண்டுமாம். சிலது பிழைத்துவிடுமாம். இங்கே எப்போதும் அப்படித்தானாம்.

"யாரு சொன்னது?" என்று லெட்சுமி கேட்டாள். அவளுக்கு வாய் அடங்கவில்லை.

அவர் தோளைக் குலுக்கினார். "தெரியாது மாக்சிக். நான் வரும்போதே இருந்துச்சு."

லெட்சுமி வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். பிறகு குந்தி உட்கார்ந்து, முதல் வரிசையில் மூன்றாவது கன்றைப் பார்த்தேன். புது ஓலை விரிந்து வெளியே சாய்ந்திருந்தது.

"இது பிழைச்சிடும்" என்றேன்.

அவரும் பக்கத்தில் குந்திப் பார்த்தார். "ஆமா மாக்சிக்" என்றார். "நாளைக்கு எடுத்து அந்தப் பக்கம் வெப்பேன்."